காவடிக்குப் பாட்டுக் கொடுத்த சென்னிகுளத்துக்காரர்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரம் இல்லைன்னா ஸ்டார் போட்டு வச்சுட்டு ராத்திரி படிங்க. பாதியில மட்டும் விட்டுடாதீங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்.

எனக்கு 28 வயசு. அப்பா ஊர் ராஜபாளையம், அம்மா ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இஞ்சினியரிங் முடிச்சுட்டு சென்னையில சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன். வருஷம் பூரா லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு எப்படியாவது லீவு வாங்கிட்டு ஊருக்கு வந்துடுவேன். எங்க தெருக்காரங்க குழுவா கழுகுமலைக்குப் பாதயாத்திரை போவோம். ராஜபாளையத்துலேர்ந்து கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வழியா நடை.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்றேன். முன்னாடி ஒரு டெம்போ, அதுல ஜெனரேட்டர், நாலு ஸ்பீக்கர், பென்டிரைவ் நிறைய பாட்டு. பாதிக்கு மேல சினிமா மெட்டுல முருகன் பேரை வச்சுப் பாடினது. நானும் அதுக்கு ஆடிக்கிட்டுத்தான் போனேன், பொய் சொல்லல. கரிவலம் தாண்டி நடுராத்திரிக்கு மேல திடீர்னு ஜெனரேட்டர் நின்னுபோச்சு. ஒரே இருட்டு, ஒரே அமைதி. அப்பத்தான் பின்னாடியிலேர்ந்து ஒரு குரல் கேட்டுச்சு.

எங்க தெரு அண்ணாச்சி ஒருத்தர். எழுபது வயசைத் தாண்டினவர். தோள்ல காவடியோட தனக்குத்தானே பாடிக்கிட்டு வந்திருக்கார். சாயங்காலத்துலேர்ந்து பாடிக்கிட்டுத்தான் வந்திருக்கார். ஸ்பீக்கர் சத்தத்துல யாருக்கும் கேக்கல, அவ்வளவுதான்.

பாட்டு மூணு மூணா விழுந்துச்சு. தகிட தகிடன்னு. கொஞ்ச நேரத்துல என் கால் தானா அந்தத் தாளத்துக்குப் போயிடுச்சு. பக்கத்துல நடந்தவங்க காலும் அப்படியே. செருப்பில்லாத நாப்பது ஜோடிக் கால் ஒரே நேரத்துல தார் ரோட்டுல விழுற சத்தம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கால்ல கொப்புளம் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு.

விடியக்காலம் டீ குடிக்க உக்காந்தப்ப என்ன பாட்டுன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். காவடிச் சிந்துன்னார். யாரு எழுதினதுன்னு கேட்டேன். நாங்க நடந்து வந்த திசைப்பக்கம் கையை நீட்டி, சென்னிகுளத்துக்காரர் எழுதினதுன்னார். வருஷா வருஷம் அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் நடந்து போறேன். அங்க இப்படி ஒருத்தர் பொறந்தார்னு எனக்குத் தெரியாது.

அவர்தான் அண்ணாமலை ரெட்டியார்.

1865ஆம் வருஷம் சங்கரன்கோவில் வட்டாரத்துல இருக்கிற சென்னிகுளத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துல எழுத்துப் படிப்பு. அதுக்கு மேல தமிழ் படிக்கணும்னு ஆசை. அந்தக் காலத்துல தமிழ் படிக்க காலேஜ் தேடிப் போறதில்ல. ஆசிரியர் எங்க இருக்காரோ அங்க போய் அவர் காலடியில உக்காந்து படிக்கணும். அப்படி அவர் போய்ச் சேர்ந்த இடம் எதுன்னு தெரிஞ்சப்ப நம்மூர்க்காரனா எனக்கு ரொம்பச் சந்தோஷம். நம்ம சேற்றூர்! ராஜபாளையத்துலேர்ந்து தென்காசி போற ரோட்டுல பஸ்ஸுல உக்காந்து தூங்கிக்கிட்டே தாண்டிப் போறோமே, அதே சேற்றூர்தான். அங்க ஜமீன்ல புலவரா இருந்த இராமசாமிக் கவிராயர்கிட்ட இலக்கணமும் இலக்கியமும் படிச்சார்.

அங்கேர்ந்து திருவாவடுதுறை மடத்துக்குப் போனார். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற அந்த மடம் அன்னைக்குத் தமிழ்ப் படிப்புக்கே தலைநகரம் மாதிரி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன இடம். அண்ணாமலை ரெட்டியார் போன காலத்துல மடத்தோட தலைவரா இருந்தவர் சுப்பிரமணிய தேசிகர். அவர் ஆதரவுல அங்க தங்கிப் படிச்சார். உ.வே.சாமிநாதையர்கிட்டயும் பாடம் கேட்டார். சங்க இலக்கியத்தை ஓலையிலேர்ந்து எடுத்து அச்சுல ஏத்திக் கொடுத்தாரே, அதே தமிழ்த் தாத்தாதான். அன்னைக்கு அவர் தாத்தா இல்ல, அவரும் இளைஞர்தான்.

படிப்பு முடிச்சு ஊருக்குத் திரும்பினவருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரோட ஆதரவு கிடைச்சது. அந்த ஜமீனோட அரண்மனை வீரகேரளம்புதூர்ல இருந்தது. ஜமீன்தார் சும்மா பணம் கொடுத்துட்டுப் போற ஆள் இல்ல. தமிழை ரசிக்கத் தெரிஞ்சவர், புலவர்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டவர். அந்தச் சபையில அண்ணாமலை ரெட்டியார் புலவரா ஆனப்ப அவருக்கு இருபது வயசை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். அவர் பெரிய படிப்பு படிச்சவர். சங்கரன்கோவில் மேல திரிபந்தாதி பாடியிருக்கார். திரிபந்தாதின்னா ஒரு பாட்டோட நாலு அடியிலயும் முதல் எழுத்து மட்டும் மாறி, அடுத்த எழுத்துகள் அப்படியே திரும்ப வரணும், ஆனா ஒவ்வொரு அடியிலயும் அர்த்தம் வேற வேறயா இருக்கணும். அது போதாதுன்னு ஒரு பாட்டோட முடிவு அடுத்த பாட்டோட தொடக்கமா வரணும். நம்ம பாஷையில சொன்னா, கம்பைலர் நூறு கண்டிஷன் போட்டிருக்கு, அத்தனையையும் தாண்டி கோடு ஓடணும். கரிவலம்வந்தநல்லூர் மேல கருவை மும்மணிக்கோவை, வீரகேரளம்புதூர் மேல தலபுராணம்னு இன்னும் எழுதியிருக்கார். பண்டிதர்கள் சபையில பேர் வாங்க இதெல்லாம் தாராளமா போதும்.

ஆனா இன்னைக்கு அவர் பேர் நிக்கிறது இதுக்காக இல்ல. நடக்கிறவங்களுக்காக அவர் எழுதின பாட்டுக்காக.

ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போவார். கூடவே ஊர்ஜனம் போகும். வண்டிப்பாதை, பங்குனி வெயில், கரிசக்காடு. அந்த நடைக்குப் பாட்டு வேணும். அதுக்காக அண்ணாமலை ரெட்டியார் பாடினதுதான் காவடிச் சிந்துன்னு வழிவழியாச் சொல்லிக்கிட்டு வர்றாங்க.

கழுகுமலை போகாதவங்களுக்காக ரெண்டு வரி. மலையைக் குடைஞ்ச குகைதான் அங்க கருவறை. கழுகாசலமூர்த்தி மேற்குப் பார்த்து உக்காந்திருக்கார். அதே மலையில கொஞ்சம் மேல ஏறினா பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், சமணர் சிற்பங்கள். பாறையும் வானமும் தவிர வேற எதுவும் கண்ணுல படாத ஊர். அந்த ஊரைத்தான் அவர் பாட்டுல கோபுரம், கொடி, குளம், வீதின்னு ஒண்ணொண்ணா அலங்காரம் பண்ணிக் காட்டுறார். நடந்து போறவனுக்கு இன்னும் கண்ணுல படாத ஊரைப் பாட்டு முன்கூட்டியே காட்டிடுது.

அப்புறம் பாட்டு திசை மாறும். முருகன் மேல ஆசை வச்சு உருகுற ஒரு பொண்ணு பேச ஆரம்பிப்பா. தோழிகிட்டப் புலம்புவா, தூது விடுவா, கோவிச்சுக்குவா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் சன்னதியில வளர்ந்த எனக்கு இது புதுசா தெரியல. அங்க கண்ணனுக்காக ஒருத்தி உருகினா, இங்க கந்தனுக்காக ஒருத்தி. இந்தப் பாட்டையெல்லாம் பக்திக்கு ஒத்துவராதுன்னு சிலபேர் விட்டுட்டுப் பாடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்தப் பொண்ணோட கோவமும் பக்திதான்.

சிந்துங்கற பாட்டு வகையை அவர் கண்டுபிடிக்கல. நொண்டிச் சிந்து, வழிநடைச் சிந்துன்னு அவருக்கு முந்தியே ஜனங்க வாயில இருந்தது. பண்டிதர்கள் அதைப் பெருசா மதிக்கல. திரிபந்தாதி எழுதத் தெரிஞ்ச கை இறங்கி வந்து அந்த மெட்டை எடுத்துச்சு. அருணகிரிநாதர் திருப்புகழ்ல கொட்டி வச்ச சந்தம் எப்படி எதுகையும் இயைபுமா துள்ளுமோ, அந்தத் துள்ளலை ஜனங்களோட நடைமெட்டுக்குள்ள வச்சார். ஜனங்ககிட்டேர்ந்து எடுத்ததை இன்னும் அழகாக்கி ஜனங்ககிட்டயே திருப்பிக் கொடுத்தார். அதனாலதான் காவடிச் சிந்துன்னா இன்னைக்கும் முதல்ல இவர் பேரைச் சொல்றாங்க.

கழுகுமலைக்குப் பக்கத்து எட்டயபுரத்துல 1882ல பொறந்த பாரதியார் பின்னாடி காவடிச் சிந்து மெட்டுலயே பாட்டு எழுதினார். இன்னைக்குக் கர்நாடகக் கச்சேரிகள்ல கடைசிப் பகுதியில, பெரும்பாலும் செஞ்சுருட்டி மாதிரி ராகத்துல, காவடிச் சிந்து பாடினா சபையே நிமிர்ந்து உக்காரும். அது அத்தனைக்கும் பின்னாடி கரிசக்காட்டுல நடந்த கால் இருக்கு.

1891ல அண்ணாமலை ரெட்டியார் நோயில இறந்துட்டார். வயசு 26.

இதைப் படிச்ச அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். எனக்கு 26 வயசுல என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். கம்பெனி மாறினேன், ஒரு பைக் வாங்கினேன். அவர் அந்த வயசுல எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிட்டார். அவர் குரல் எப்படி இருந்துச்சு, அவர் எந்த மெட்டுல பாடினார், எங்க இழுத்தார், எங்க நிறுத்தினார்னு கேக்க ஒரு பதிவு கூட இல்ல. எடிசன் ஃபோனோகிராஃப் கண்டுபிடிச்சது 1877. அப்ப நம்மாளுக்கு 12 வயசு. ஆனா அந்த மெஷின் அவர் இருக்கிற வரைக்கும் அவர் வாய்ப்பக்கம் வந்து சேரல.

வார்த்தை அச்சுல இருக்கு. மெட்டு மனுஷன்ல இருக்கு. சோர்ஸ் கோடு கையில இருக்கு, அதை ஓட்டுற மெஷின் வயசான ஒரு அண்ணாச்சியோட காலும் தொண்டையும்.

இதோட ஆபத்தை நம்ம வட்டாரத்துக்காரங்களுக்கு வேற யாரும் சொல்லித்தர வேண்டாம். உ.வே.சா. ஏடு தேடி அலைஞ்ச காலத்துல கரிவலம்வந்தநல்லூருக்கும் வந்தார். வரகுண பாண்டியர் காலத்து ஏடெல்லாம் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசையா வந்தவருக்குக் கிடைச்ச பதில், பழைய ஏட்டையெல்லாம் நெய்யில தோய்ச்சு ஹோம நெருப்புல ஆகுதி பண்ணியாச்சுங்கறதுதான். பண்ணினவங்க கெட்டவங்க இல்ல. பழைய ஏட்டை அப்படிச் செய்யறதுதான் சாஸ்திரம்னு நம்பிப் பக்தியாப் பண்ணினாங்க. தன் வாழ்க்கை வரலாறுல உ.வே.சா. இதை எழுதியிருக்கார். நாங்க பாதயாத்திரையில தாண்டுற அதே ஊர். இப்ப அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒண்ணு தோணுது. நாலு ஸ்பீக்கரைப் பக்தியாத்தான் நாங்களும் கட்டிக்கிட்டுப் போறோம்.

இந்தப் பிரச்சனையைப் படிக்கிறதுக்குன்னே ஒரு துறை இருக்கு. இனஇசையியல்னு பேர். ஒரு சமூகத்தோட பாட்டை அந்தச் சமூகத்தோட வேலை, சாமி, சடங்கு, சாப்பாட்டோட சேத்துப் பாக்குற படிப்பு. அதுல பயன்முறை இனஇசையியல்னு ஒரு கிளை. படிச்சு கட்டுரை எழுதிட்டு நகர்ந்துடாம, பாடுறவங்களோட சேர்ந்து அந்தப் பாட்டு தொடர்ந்து வாழறதுக்கு என்ன செய்யலாம்னு பாக்குறது.

அதுல ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆர்னால்ட் பேக்னு ஒரு டச்சுக்காரர் 1938ல தென்னிந்தியாவுல ஊர் ஊராப் போய் ஜனங்களோட பாட்டைப் பதிவு பண்ணினார். 46 வருஷம் கழிச்சு 1984ல நசீர் ஜயிராஸ்பாய்ங்கற இசை ஆராய்ச்சியாளரும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கிட்டு அதே ஊர்களைத் தேடிப் போனாங்க. அங்க இருந்தவங்களுக்கே போட்டுக் காட்டினாங்க. சில கலை தொடர்ந்துக்கிட்டு இருந்துச்சு, சிலது மாறிப்போயிருந்துச்சு, சிலது இல்லாமலே போயிருந்துச்சு. பதிவைப் பெட்டியில பூட்டி வைக்காம சொந்தக்காரங்ககிட்டத் திருப்பிக் கொண்டு போனாங்களே, அதுதான் விஷயம். 2003ல யுனெஸ்கோ கொண்டுவந்த மரபுக் கலைகளுக்கான ஒப்பந்தமும், எதைக் காப்பாத்துறதா இருந்தாலும் அந்தச் சமூகத்தையே சேர்த்துக்கிட்டுச் செய்யணும்னுதான் சொல்லுது.

இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியும். முதல்ல தெரியாததால ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிச்சா அது நேர்மையா இருக்காது.

அந்தப் பாதயாத்திரை முடிஞ்சு அடுத்த லீவுல, சட்டையில மாட்டுற மைக் ஒண்ணு வாங்கிக்கிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சத்தம் வரக்கூடாதுன்னு கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், அவரை நாற்காலியில உக்கார வச்சுப் பாடச் சொன்னேன். ரெண்டு வரி பாடினார், மூணாவது வரி வரல. திரும்ப ஆரம்பிச்சார், திரும்பவும் நின்னுட்டார். வேர்த்துக் கொட்டுது அவருக்கு. நான் உதவி பண்றதா நினைச்சுக்கிட்டு யூடியூப்ல ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். அதோட மெட்டு அவர் மெட்டுலேர்ந்து வித்தியாசமா இருந்துச்சு. சரியான மெட்டு இதுதான் போல அண்ணாச்சின்னு சொல்லித் தொலைச்சேன்.

அவர் கோவப்படல. கோவப்பட்டிருந்தா பரவாயில்ல. படிச்சவங்க பாடுறதுதான் சரியா இருக்கும், நான் எங்க அய்யா பாடினதைக் கேட்டுப் பாடுறவன்னு சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்துட்டார். அதுக்கப்புறம் மூணு மாசம் கோயில்ல கூட அவர் பாடலன்னு எங்க ஆச்சி போன்ல சொன்னாங்க. ஒரு மனுஷன் வாயை அடைச்சுட்டு வந்துட்டியேடான்னு திட்டினாங்க. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுலயும் நிக்காம வந்த பாட்டை நான் ஒரே வார்த்தையில நிறுத்திட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. சரியான மெட்டுன்னு ஒண்ணு கிடையாது. கச்சேரி மெட்டு மேடைக்கு வந்து உருவானது, அது அங்க அழகு. அண்ணாச்சி மெட்டு ரோட்டுல உருவானது. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு வச்சு டிஃப் எடுத்துப் பார்த்து, ஒண்ணுல பிழைன்னு சொல்ல நான் யாரு? இன்னொண்ணும் புரிஞ்சுது. அவருக்குப் பாட்டு மறக்கல. அவர் பாட்டு நாற்காலியில இல்ல, கால்ல இருக்கு.

அடுத்த தடவை மைக்கை எடுத்துக்கிட்டுப் போகல. முதல்ல போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே காப்பி கொடுக்கச் சொன்னார். மறுநாள் விடியக்காலம் கண்மாய்க்கரையில கூடச் சேர்ந்து நடந்தேன். காவடிக்குப் பதிலா தோள்ல ஒரு கம்பை வச்சுக்கிட்டார். கரை ஏறி அம்பது அடி நடந்திருப்போம், தானா பாட்டு வந்துடுச்சு. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அதுலேர்ந்து இன்னொண்ணு. நாலாவது நாள், போன்ல பதிவு பண்ணிக்கவான்னு அனுமதி கேட்டேன். பண்ணிக்கோன்னார். அப்படி ஏழு பாட்டு சேர்ந்துச்சு.

அந்தப் பதிவுல மூச்சு வாங்குது, நாய் குரைக்குது, பஸ் ஹாரன் அடிக்குது. சத்தத்தையெல்லாம் சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்னு உக்காந்தேன். எடுக்க எடுக்க அவர் காலடிச் சத்தமும் சேர்ந்து போச்சு. அந்தக் காலடிதான் தாளம். அப்படியே விட்டுட்டேன்.

எங்க வேலையில ஒரு பாடம் உண்டு. பேக்கப் எடுத்து வச்சா மட்டும் போதாது, அதை ஒரு தடவையாவது ரீஸ்டோர் பண்ணிப் பாக்கணும். பாக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான். என் போன்ல இருக்கிற ஏழு பாட்டும் அப்படித்தான். இன்னொருத்தர் வாயில, இன்னொருத்தர் கால்ல அது ஓடினாத்தான் பாட்டு. இல்லைன்னா அது வெறும் ஃபைல்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மார்கழி காலையில நடந்து பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன திருப்பாவையைப் பல்லு முளைக்காத குழந்தையோட அம்மாவும் பாடுறா, பல்லு போன பாட்டியும் பாடுறாங்க. அதை யாரும் மியூசியத்துல வச்சுக் காப்பாத்தல. முப்பது பாட்டு, முப்பது நாள், விடியக்காலம், கோயில்னு அதுக்கு ஒரு நேரமும் இடமும் வேலையும் இருக்கு. அந்த இடத்தை நாம இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. காவடிச் சிந்துக்கும் அப்படி ஒரு இடம் இருந்துச்சு. அதுதான் நடை. அந்த இடத்துலதான் நாம ஸ்பீக்கரை வச்சுட்டோம்.

அதனால இந்த வருஷம் பாதயாத்திரைக் கூட்டத்துல ஒண்ணு கேட்டேன். ஸ்பீக்கரே வேண்டாம்னு சொல்லல. கரிவலத்துலேர்ந்து சங்கரன்கோவில் வரைக்கும் மட்டும் நிறுத்தி வைப்போம்னு கேட்டேன். சின்னப் பசங்க தூக்கம் வரும்னாங்க. டெம்போ அண்ணன் வாடகையில குறைக்க மாட்டேன்னார். ரெண்டு மாமாமார் இதெல்லாம் எதுக்குன்னாங்க. எங்க ஆச்சிதான் பேசி முடிச்சாங்க.

எல்லாம் சினிமா மாதிரி நடந்துடல. முதல் அரை மணி நேரம் பாதிப் பேர் போனை எடுத்துக்கிட்டாங்க. எனக்கும் வரி தப்பிப்போச்சு. மூணு பாட்டுதான் முன்கூட்டியே வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன், அதையும் கேட்டவங்க பத்துப் பேர் இருக்கும். அந்தப் பத்துல எட்டாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, பால்குடம் தலையில வச்சுக்கிட்டு, நான் விட்ட வரியை எடுத்துப் பாட ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் கூட்டம் பின்பாட்டுப் பாடிச்சு. சங்கரன்கோவில் கோபுரம் கண்ணுல படும்போது கால் எல்லாம் ஒண்ணா விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

அண்ணாச்சிக்கு இந்த வருஷம் முழங்கால் வலி, நடக்க முடியல. டெம்போ முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனோம். அந்தப் பொண்ணுங்க ஒரு இடத்துல மெட்டை அவர் பாடுற மாதிரி பாடாமக் கொஞ்சம் மாத்திப் பாடினாங்க. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திருத்தல. ஜன்னல் வழியா கையை வெளிய விட்டு, டெம்போக் கதவுல தாளம் போட்டுக்கிட்டே வந்தார்.

அண்ணாமலை ரெட்டியார் இறந்து 130 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் பாட்டுல தன் பேரையும் ஒரு ஓரத்துல வச்சுட்டுப் போயிருக்கார், முருகன் துணையிருக்கிற ஒரு அடியார்னு. ரோட்டுல யாராவது அந்தப் பாட்டைப் பாடுற வரைக்கும் அவரும் கூட நடக்கிறார்னு நான் நம்புறேன்.

இப்ப நான் கேக்கணும்னு சொன்ன விஷயம். உங்க வீட்டுலயோ தெருவுலயோ காவடிச் சிந்து, வழிநடைப் பாட்டு, கும்மி, எது தெரிஞ்சவங்க இருந்தாலும் இந்த வாரம் போய்ப் பாருங்க. போனை எடுக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க. நாற்காலியில உக்கார வைக்காதீங்க, அவங்க எப்பப் பாடுவாங்களோ அப்பக் கூட இருங்க. தப்பு கண்டுபிடிக்காதீங்க. முக்கியமா, ஒரே ஒரு பாட்டையாவது நீங்க கத்துக்கோங்க. அடுத்த பாதயாத்திரையில கொஞ்ச தூரமாவது ஸ்பீக்கரை நிறுத்திட்டு அதைப் பாடிக்கிட்டு நடங்க.

அண்ணாச்சியோட ஏழு பாட்டையும் அவர் அனுமதியோட எங்க யாத்திரை குரூப்ல போட்டிருக்கேன். இன்னும் நாலு பாட்டு ஞாபகம் இருக்குன்னு சொல்லியிருக்கார். முழங்கால் சரியானதும் கண்மாய்க்கரைக்கு வர்றேன்னிருக்கார். அவருக்காக ஒரு நிமிஷம் முருகனை வேண்டிக்கோங்க.

கழுகாசலமூர்த்திக்கு அரோகரா!